மண்ணை உதறிராதீங்க சாமி!

ஒரு கொலையைப் பற்றி எழுதப் போகிறேன். செய்தவன் நான். செத்தது ஒரு செடி. இதற்கெல்லாம் யாரும் எஃப்.ஐ.ஆர். போட மாட்டார்கள் என்ற தைரியத்தில் உண்மையை முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆயுத பூஜை லீவில் குடும்பத்தோடு கொடைக்கானல் போயிருந்தோம். ஏரி, படகு, குதிரை, ஹோம்மேட் சாக்லேட் என்று செய்ய வேண்டிய கடன்களை எல்லாம் முதல் நாளே முடித்தாகிவிட்டது. மறுநாள் பூம்பாறைப் பக்கம் வேனை விட்டோம். வழியில் டிரைவர் டீ குடிக்க நிறுத்தினார். ரோட்டோரத்தில் சாக்கை விரித்து ஒரு பாட்டி உட்கார்ந்திருந்தார். மலைப்பூண்டு, கேரட், பீன்ஸ்... அவற்றுக்குப் பக்கத்தில் ஈரத்துணி சுற்றிய நாலைந்து செடிகள்.

ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று அகலமான இலைகள். நடுவில் விறைப்பாக ஒரு தண்டு. தண்டு முழுக்க நெருக்கமாக ரோஸ் நிறப் பூக்கள். என் மனைவி வேனை விட்டு இறங்கிவிட்டாள். அவள் இறங்கினால் என் பர்ஸும் இறங்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி.

"என்ன பூ பாட்டி இது?"

"காட்டுப் பூ சாமி. மேல புல்லுக் காட்டுல கெடக்கும்."

"மெட்ராஸ்ல வெச்சா வருமா?"

பாட்டி கொஞ்சம் யோசித்தார். "அது எனக்கெப்படித் தெரியும்? வாங்கிட்டுப் போனவுக யாரும் திரும்பி வந்து சொன்னதில்ல."

எவ்வளவு பெரிய உண்மை அது! அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஐம்பது ரூபாய் சொன்னதை என் மனைவி நாற்பதுக்குக் கொண்டு வந்தாள். செடியைக் கையில் கொடுக்கும்போது பாட்டி ஒன்று சொன்னார்.

"மண்ணை மட்டும் உதறிராதீங்க சாமி."

தலையை ஆட்டினேன். கல்யாணத்திலிருந்து எத்தனையோ விஷயங்களுக்குத் தலையை ஆட்டியிருக்கிறேன், அதில் இது ஒன்று.

சென்னை வந்ததும் துணியைப் பிரித்தால், கறுப்பாக, கொசகொசவென்று ஒரு மண் உருண்டை. அதில் ஒரு மண்புழு வேறு எட்டிப் பார்த்தது. "ஐயய்யே, ஏங்க, இதை அப்படியே பால்கனியில வெக்கவா போறீங்க?" என்றாள் மனைவி. நானும் சுத்தக்காரன்தான். குழாயைத் திறந்து வேரைப் பளபளவென்று கழுவினேன். போதாததற்கு, ஒரு மக் தண்ணீரில் கிருமிநாசினி ரெண்டு சொட்டு விட்டு ஒரு முக்கு. கழுவின சேற்றுத் தண்ணீரை மனைவி வீணாக்காமல் கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றினாள். அப்புறம் புதுத் தொட்டி, நர்சரியிலிருந்து சலித்த செம்மண், எரு. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வார்டுக்கு வந்த பேஷண்ட் மாதிரி இருந்தது செடி.

ப்ளாட்ஸில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். முதல் மாடி மாமி வாழைப்பழத் தோல் ஊறின தண்ணீர் விடச் சொன்னார். அசோசியேஷன் செக்ரட்டரி முட்டை ஓடு என்றார். வாட்ச்மேன் ஒரு சிட்டிகை டி.ஏ.பி. என்றார். யார் மனசும் நோகக் கூடாதென்று எல்லாவற்றையும் போட்டேன்.

மூணாவது வாரம் பூ உதிர்ந்தது. ஐந்தாவது வாரம் இலை மஞ்சளாச்சு. பதறிப்போய் காலையில் ஒரு சொம்பு, சாயந்திரம் ஒரு சொம்பு தண்ணீர் விட்டேன். இரண்டு மாதத்தில் தொட்டியிலிருந்து ஒரு வாடை. தோண்டிப் பார்த்தால் கிழங்கு கூழாகியிருந்தது.

பேராசிரியரின் குறுக்கு விசாரணை

எங்கள் மூணாவது மாடியில் ஓய்வு பெற்ற தாவரவியல் பேராசிரியர் ஒருவர் இருக்கிறார். பெயரைப் போடக் கூடாது என்று கண்டிஷன். செல்போனில் இருந்த போட்டோவைக் காட்டினேன்.

"அடடே, சாட்டிரியம்! தரையில வளர்ற ஆர்க்கிட். நீலகிரியிலயும் பழனி மலையிலயும் புல்வெளியில பூக்கும்."

"ஆர்க்கிட்டா? ரிசப்ஷன் மேடையில ஊதாக் கலர்ல குத்தி வெப்பாங்களே, அதுவா ஸார்?"

"அது டெண்ட்ரோபியம். மரத்துல ஒட்டி வளர்ற ஜாதி. ஒண்ணு விட்ட உறவுன்னு வெச்சுக்குங்க. பெரிய குடும்பம் தம்பி இது, உலகத்துல 25,000 இனத்துக்கு மேல இருக்கு. உங்க ஐஸ்கிரீம்ல வர்ற வெனிலாகூட ஆர்க்கிட் காய்தான். சரி, இதை எப்படிச் சாகடிச்சீங்க? வரிசையாச் சொல்லுங்க."

சொன்னேன். இலை மஞ்சளான கட்டத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"அது சாவு இல்ல தம்பி, தூக்கம். மழைக்காலம் முடிஞ்சா இலையும் தண்டும் காய்ஞ்சிடும். கிழங்கு மட்டும் மண்ணுக்குள்ள தூங்கும். அடுத்த மழைக்குத்தான் எழுந்திருக்கும். நீங்க தூங்கறவனை எழுப்பறதா நினைச்சு தண்ணித் தொட்டியில அமுக்கியிருக்கீங்க."

"அப்ப தண்ணி விடாம இருந்திருந்தா பிழைச்சிருக்குமா?"

"மண்ணை என்ன பண்ணீங்க?"

"கழுவிட்டேன் ஸார். கிருமிநாசினி போட்டு..." என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "சொந்தபந்தம் அத்தனை பேரையும் சாக்கடையில விட்டுட்டு, குழந்தையை மட்டும் தூக்கிட்டு வந்திருக்கீங்க" என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்த பாடம் நாலு சாயந்திரம் நடந்தது. இவ்வளவு பெரிய விஷயம் ஒரு கைப்பிடி மண்ணில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

கட்டுச்சோறு இல்லாத விதை

தேங்காயை எடுத்துக்கொள்ளுங்கள். தென்னங்குழந்தைக்கு உள்ளேயே பருப்பு, தண்ணீர் எல்லாம் வைத்து, மேலே ஓடு, அதற்கு மேல் நார் என்று பேக்கிங் செய்து அனுப்புகிறது தாய் மரம். அவரை, துவரைக்கு அந்த இரண்டு பருப்புமே கட்டுச்சோறுதான். முளைத்து இலை விடும்வரை அதைத் தின்று பிழைத்துக்கொள்ளும்.

ஆர்க்கிட் விதையில் அந்தக் கட்டுச்சோறு கிடையாது. தூசி மாதிரி இருக்கும். ஒரு கிராமில் லட்சக்கணக்கான விதைகள் அடங்கிவிடும். காற்றில் பறக்க வசதி. ஆனால் இறங்கின இடத்தில் சாப்பாட்டுக்கு வழி கிடையாது.

டார்வின் ஒரு இங்கிலாந்து ஆர்க்கிட்டின் ஒரே காயில் சுமார் 6,200 விதைகள் இருப்பதைக் கணக்கிட்டார். ஒரு செடிக்கு ஏறக்குறைய 1,86,000 விதைகள். அத்தனையும் முளைத்தால், அந்த ஒரு செடியின் கொள்ளுப்பேரன் பேத்திகளே உலகத்தின் நிலப்பரப்பு முழுவதையும் கிட்டத்தட்ட பச்சைக் கம்பளம் விரித்தாற்போல மூடிவிடும் என்று 1862-ல் எழுதினார். அப்படி ஏன் மூடவில்லை? எது தடுக்கிறது? டார்வினுக்கு அது புரியவில்லை.

விடை கிடைத்தது 1899-ல். நோயல் பெர்னார் என்கிற பிரெஞ்சுக்காரர், அப்போது வயசு 25, ராணுவ சேவையில் இருந்தார். அந்த வருஷம் மே மாதம் ஃபோன்டென்ப்ளோ காட்டில் சுற்றும்போது, மண்ணுக்குள் புதைந்திருந்த ஒரு ஆர்க்கிட் தண்டில் அதன் விதைகள் கூட்டமாக முளைத்திருப்பதைப் பார்த்தார். காட்டில் ஆர்க்கிட் விதை முளைத்துப் பார்ப்பதே அபூர்வம். உற்றுப் பார்த்தால், முளைத்த ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பூஞ்சை நூல் நூலாகப் புகுந்திருந்தது. பூஞ்சை வந்து ஊட்டினால்தான் ஆர்க்கிட் விதை பிழைக்கும் என்பதை உலகத்துக்குச் சொன்னவர் அவர்தான். பாவம், 1911-ல் 36 வயதிலேயே காச நோயில் இறந்து போனார்.

"பூஞ்சை நூல் விதையோட செல்லுக்குள்ள போய் இடியாப்பம் மாதிரி சுருண்டு கிடக்கும். செடி அந்த இடியாப்பத்தைச் செரிச்சுச் சாப்பிடும்" என்றார் பேராசிரியர். இடியாப்பம் என்ற வார்த்தை காதில் விழுந்து என் மனைவியும் பாடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"இதுல வேடிக்கை என்னன்னா, இந்தப் பூஞ்சைகள்ல நிறைய ரைசாக்டோனியாங்கற கூட்டத்தைச் சேர்ந்தது. அதே கூட்டத்து ஆசாமி ஒருத்தன்தான் நெல்லுல இலையுறைக் கருகல் நோயைக் கொண்டு வர்றவன். நெல்லுக்கு வில்லன். ஆர்க்கிட்டுக்குச் சோறு ஊட்டற தாய்மாமன்!"

வேரைச் சுற்றி ஒரு ஊர்

பூஞ்சையோடு கதை முடிந்தது என்றுதான் ரொம்ப காலம் நினைத்துக்கொண்டிருந்தார்களாம். ஆனால் மண்ணில் பூஞ்சை மட்டும் தனியாகக் குடித்தனம் செய்வதில்லை. நல்ல மண் ஒரு கிராம் எடுத்தால் அதில் பத்துக் கோடி, நூறு கோடி என்று பாக்டீரியாக்கள் இருக்கும். வேரை ஒட்டின மண்ணில் இன்னும் நெருக்கம்.

காரணம், வேர் ஒரு தாராள மனசுக்காரர். இலை வெயிலில் நின்று சமைத்ததில் ஒரு பங்கை, சர்க்கரையாகவும் அமிலமாகவும் வேர் வெளியே கசிய விடுகிறது. பந்தி போட்டால் கூட்டம் வராமல் இருக்குமா? வேரைச் சுற்றிய இந்த மெல்லிய மண் படலத்துக்கு 1904-ல் லோரன்ஸ் ஹில்ட்னர் என்ற ஜெர்மானியர் 'ரைஸோஸ்ஃபியர்' என்று பெயர் வைத்தார். வேர்மண்டலம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம்.

சாப்பிட்ட கூட்டம் சும்மா போவதில்லை. மொய் எழுதிவிட்டுத்தான் போகிறது. மண்ணில் கல்லாக உட்கார்ந்திருக்கும் பாஸ்பரஸைக் கரைத்துக் கொடுக்கிறது ஒன்று. இரும்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு, அழுக வைக்கும் கிருமிகளுக்குக் கிடைக்காமல் செய்கிறது இன்னொன்று. சிலது ஆன்டிபயாடிக் சுரக்கிறது. சிலது ஆக்ஸின் என்கிற வளர்ச்சி ஹார்மோனையே தயாரித்து வேருக்குப் பக்கத்தில் விடுகிறது.

காட்டு ஆர்க்கிட் விஷயத்தில் இதை முறையாகப் பரிசோதித்தவர்களில் முக்கியமானவர்கள் மேற்கு ஆஸ்திரேலியாக்காரர்கள். அங்கே தரையில் வளரும் ஆர்க்கிட்கள் ஏராளம். கடுங்கோடையில் நம்ம சாட்டிரியம் மாதிரியே கிழங்காகச் சுருண்டு தூங்குகிறவை. அந்தச் செடிகளோடு வாழும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து, ஆர்க்கிட் விதை, பூஞ்சை, பாக்டீரியா என்று மூன்றையும் ஒன்றாக வைத்து முளைக்க விட்டுப் பார்த்தார்கள். 1989-ல் கட்டுரை வந்தது. எழுதியவர்கள் வில்கின்சன், டிக்சன்... மூன்றாவது பெயரைப் பார்த்து நான் துள்ளினேன். சிவசிதம்பரம்!

"நம்ம ஆளு ஸார்!"

"பேரைப் பார்த்துத் துள்ளினது போதும், முடிவைக் கேளுங்க. சூடோமோனாஸ், பேசில்லஸ்னு அந்த வேர்ல பல பாக்டீரியா இருந்துச்சு. சிலது கூட இருந்தப்ப விதை நல்லா முளைச்சது. சிலது கூட இருந்தப்ப முளைப்பு குறைஞ்சு போச்சு. அதாவது ஊர்ல எல்லாரும் நல்லவன் இல்ல. ஆனா ஊர் வேணும்."

1994-ல் அதே குழுவினர் இன்னொரு கட்டுரையில், ஆர்க்கிட்டோடு வாழும் பாக்டீரியாக்கள் அந்த ஆக்ஸின் ஹார்மோனைச் சுரப்பதைக் காட்டினார்கள். 2007-ல் மாஸ்கோ விஞ்ஞானிகள், மரத்தில் வளரும் ஒரு டெண்ட்ரோபியத்தின் வேரிலிருந்து எடுத்த பாக்டீரியாவை அதன் விதையோடு சேர்த்தபோது முளைப்பு நன்றாகக் கூடியது என்று எழுதினார்கள். மரத்தில் தொங்குகிற ஆர்க்கிட்டுக்கு மண்ணே கிடையாதே என்று கேட்கலாம். அதன் வேருக்கு மேல் வெள்ளையாக, பஞ்சு மாதிரி ஓர் உறை இருக்கும். மழை ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும் அந்தப் பஞ்சிலும் இதே மாதிரி குடியிருப்புகள்தான்.

தரை ஆர்க்கிட்களில் இன்னொரு சங்கதி. பலவற்றில் தூங்கும் கிழங்குக்குள் பூஞ்சை இருப்பதில்லை. மழை வந்து புது வேர் விடும்போது பக்கத்து மண்ணிலிருந்துதான் அது மறுபடி உள்ளே வர வேண்டும். வருஷா வருஷம் புதுசாகக் கல்யாணம். மாப்பிள்ளை அதே தெருவில் இருந்தாக வேண்டும். நான் அந்தத் தெருவையே குழாயடியில் கரைத்துவிட்டேன்.

பாக்கெட் வாங்கி ஊற்றலாமா?

எனக்கு ஒரு யோசனை வந்தது. என் சித்தப்பா இன்னும் ஊரில் நெல் போடுகிறார். அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா என்று பாக்கெட் பாக்கெட்டாக வாங்கி வந்து, ஆறின அரிசிக் கஞ்சியில் கலந்து விதையைப் பிசைந்து நிழலில் உலர்த்துவதைச் சின்ன வயசிலிருந்தே பார்த்திருக்கிறேன். நிலக்கடலைக்கு ரைசோபியம். நோய் வராமல் இருக்க சூடோமோனாஸ். ஆஸ்திரேலியா ஆர்க்கிட் வேரில் இருந்ததும் சூடோமோனாஸ்தானே? இன்னொரு செடி வாங்கி, பாக்கெட்டைக் கரைத்து ஊற்றினால் தீர்ந்தது!

சொன்னதும் பேராசிரியர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"தம்பி, உங்க சித்தப்பா சூடோமோனாஸை எதுக்கு அடிக்கிறார்?"

"நெல்லுல இலையுறைக் கருகலுக்கு."

"அதைக் கொண்டு வர்றவன் யாருன்னு சொன்னேன்?"

"ரைசாக்டோ..." பாதியில் எனக்கே விளங்கிவிட்டது. அந்தக் கூட்டத்துப் பூஞ்சையை அடக்குவதற்கென்றே தேர்ந்தெடுத்த பாக்டீரியா அது. ஆர்க்கிட்டுக்குச் சோறு ஊட்டும் தாய்மாமனும் அதே கூட்டம். சமையல்காரரைக் காப்பாற்றுகிறேன் என்று அவரை விரட்டுகிற அடியாளைக் கூட்டி வந்தால் எப்படி?

"சூடோமோனாஸ்ங்கறது ஒரு ஆள் பேர் இல்ல, ஒரு பெரிய வம்சத்தோட பேர். அதுல பூஞ்சையோட ஒத்துப் போறவனும் உண்டு, சண்டைக்காரனும் உண்டு. காட்டு மண்ல யாருக்கு யார் எவ்வளவுன்னு ஒரு கணக்கு தானா அமைஞ்சிருக்கு. அந்தக் கணக்கை எந்தப் பாக்கெட்லயும் அடைச்சு விக்க முடியாது" என்றார் பேராசிரியர்.

எனக்கு அந்த இடத்தில்தான் உண்மையிலேயே வலித்தது. நாற்பது ரூபாய் கொடுத்து நான் வாங்கியது செடி என்று நினைத்திருந்தேன். பாட்டி கொடுத்தது ஒரு ஊரின் ஒரு துண்டு. அதிலும் நான் தூக்கிப் போட்டதுதான் முக்கியமான பாதி.

நாட்டு மருந்துக் கடையில் ஓர் ஆர்க்கிட்

"காட்டு ஆர்க்கிட் உங்களுக்குப் புதுசுன்னு நினைக்காதீங்க. நாட்டு மருந்துக் கடையில சாலாமிசிரி கேள்விப்பட்டிருக்கீங்களா?" என்றார் பேராசிரியர் ஒருநாள்.

"லேகியத்துல போடுவாங்களே..."

"அது காய வெச்ச ஆர்க்கிட் கிழங்கு. தரை ஆர்க்கிட் பலதுக்கு அடியில ரெண்டு கிழங்கு இருக்கும். ஒண்ணு இந்த வருஷச் செலவுக்கு, ஒண்ணு அடுத்த வருஷச் சேமிப்புக்கு. அந்த ரெண்டையும் ஜோடியாப் பார்த்த கிரேக்கர்களுக்கு..." என் மனைவி காபியோடு வந்ததால் குரலைத் தாழ்த்திக்கொண்டு மீதியைச் சொன்னார். ஆர்க்கிட் என்ற பெயரே அதற்கான கிரேக்க வார்த்தையிலிருந்து வந்ததாம். சாலாமிசிரி ஆண்மை லேகியங்களில் ஏன் சேர்கிறது என்பதும் அப்போதுதான் புரிந்தது. உருவத்தைப் பார்த்து ஊர் கட்டின கதை!

துருக்கியில் இதே கிழங்கு மாவைப் போட்டு இழுத்தால் நீளும் ஐஸ்கிரீம் செய்கிறார்கள். ஒரு கிலோ மாவுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிழங்குகள் வேண்டும். ஒரு கிழங்கு என்பது ஒரு செடி. தோண்டினது தோண்டினதுதான். விதை போட்டு மறுபடி வரவழைக்கலாம் என்றால், விதைக்கு அந்தப் பூஞ்சை வேண்டும், அந்தப் பூஞ்சைக்கு அந்த மண் வேண்டும்.

நம்ம மலைகளில் இன்னொரு தொல்லை, மண்ணின் முகமே மாறிக்கொண்டிருப்பது. பழனி மலையிலும் நீலகிரியிலும் சோலைக் காடும் புல்வெளியும் மாறி மாறி இருந்தன. வெள்ளைக்காரர் காலத்திலும் அதற்கப்புறமும் புல்வெளியை வெறும் தரிசு என்று நினைத்து வாட்டில், யூகலிப்டஸ், பைன் என்று வெளிநாட்டு மரங்களை நட்டார்கள். தேயிலை வேறு. புல் போனால் புல்லின் நடுவே பூத்த ஆர்க்கிட் போகும். பூப் போவது கண்ணுக்குத் தெரியும். அடியில் குடியிருந்தவர்கள் காலி செய்வது யார் கண்ணுக்கும் தெரியாது.

"சட்டம் இல்லையா ஸார்?"

"இருக்கே. காப்புக்காட்டுலேர்ந்து அனுமதியில்லாம செடி எடுத்தாலே குற்றம். நீல வாண்டா, சிவப்பு வாண்டா, லேடீஸ் ஸ்லிப்பர் ஆர்க்கிட்டெல்லாம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துலயே இருக்கு. காட்டு ஆர்க்கிட்டை நாடு விட்டு நாடு கொண்டு போறதுக்கும் உலக அளவுல கட்டுப்பாடு உண்டு. இப்பச் சொல்லுங்க, எஃப்.ஐ.ஆர். போட மாட்டாங்கன்னு நினைச்சீங்களா?"

எனக்கு வியர்த்துவிட்டது.

அப்படியானால் ஆர்க்கிட் ஆசையே தப்பா? இல்லை. 1922-ல் லூயிஸ் நட்சன் என்ற அமெரிக்கர், சர்க்கரை கலந்த அகர் கூழில் பூஞ்சையே இல்லாமல் ஆர்க்கிட் விதையை முளைக்க வைத்துக் காட்டினார். தாய்மாமன் இல்லாத குழந்தைக்குப் புட்டிப்பால்! இன்றைக்குப் பூக்கடைக்கு வரும் டெண்ட்ரோபியம், ஃபலனாப்சிஸ் எல்லாம் பெரும்பாலும் அப்படி ஆய்வகக் குப்பியில் வளர்ந்த குழந்தைகள்தான். கரித்துண்டு, ஓட்டுச் சில்லு, தேங்காய் மட்டை போட்டால் பால்கனியில் வாழும். காட்டு ஆர்க்கிட்டைப் பார்க்க ஆசையென்றால் ஏற்காடு போகலாம். அங்கே இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தேசிய ஆர்க்கிட் தோட்டமே இருக்கிறது. பார்க்கலாம், படம் பிடிக்கலாம். கையை மட்டும் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பூத்துச்சா சாமி?

போன வருஷம் மறுபடி கொடைக்கானல். மறுபடி பூம்பாறை ரோடு. அதே வளைவு. அதே பாட்டி. இன்னும் கொஞ்சம் கூனியிருந்தார். சாக்கில் மலைப்பூண்டு மட்டும்தான். 2019-லேயே புவிசார் குறியீடு வாங்கின பூண்டு அது. செடி எதுவும் இல்லை.

"பாட்டி, என்னை ஞாபகம் இருக்கா? செடி வாங்கிட்டுப் போனேனே..."

முகத்தை உற்றுப் பார்த்தார். ஞாபகம் வந்ததா, வந்த மாதிரி காட்டினாரா தெரியாது. ஆனால் அந்தக் கண்ணில் ஒரு வெளிச்சம்.

"பூத்துச்சா சாமி?"

பூத்தது என்று சொல்லிவிடலாம் என்று நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் பாட்டிக்குச் சந்தோஷம். அப்புறம் அடுத்த வேனில் வருகிறவரிடம், 'மெட்ராஸ்ல பூத்துச்சாம்' என்று அந்தச் சந்தோஷத்தையும் சேர்த்து விற்பார்.

"செத்துப் போச்சு பாட்டி. நீங்க சொல்லியும் கேக்காம மண்ணைக் கழுவிட்டேன்."

பாட்டி ஒன்றும் பேசவில்லை. பூண்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளி வைத்தார். அப்புறம் சொன்னார்:

"இத்தனை வருசம் வித்தேன். ஒருத்தராச்சும் வந்து பூத்துச்சுன்னு சொல்ல மாட்டாகளான்னு பாத்தேன். நீங்க ஒருத்தருதான் வந்தீக. வந்தும் இதைச் சொல்றீகளே சாமி."

"இப்பல்லாம் செடி கொண்டு வர்றதில்லையா பாட்டி?"

"முன்னாடி இந்தா, இந்த ரோட்டுக்கு மேலயே கெடந்துச்சு. இப்ப ரெண்டு மலை தாண்டிப் போகணும். கால் வரல."

கால் வரவில்லை என்பதால்தான் மிச்சமிருக்கும் செடிகள் பிழைத்திருக்கின்றன. இதைப் பாட்டியிடம் எப்படிச் சொல்வது? காட்டைக் காலி செய்தது அந்த வயசான கால்கள் இல்லை. என்னைப் போல வேனை நிறுத்தினவர்களின் நாற்பது ரூபாய்கள்தான்.

சொன்ன விலைக்கே ரெண்டு கிலோ பூண்டு வாங்கினேன். பேரம் பேசாத என் மனைவியை இருபத்தைந்து வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். பாட்டி மேலே ஒரு கைப்பிடி போட்டுக் கொடுத்தார். பூண்டுக்கு என்ன எச்சரிக்கை என்று கேட்கவில்லை. பூண்டு வீட்டுக்கு வருவதற்கென்றே விளைந்தது.

வீட்டுக்கு வந்து பையைக் கொட்டினால் பூண்டோடு கொஞ்சம் மலை மண். மனைவி குழாய்ப் பக்கம் எடுத்துப் போனவள், என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் மண்ணைத் தட்டி, பத்திரமாகக் கறிவேப்பிலைத் தொட்டியில் போட்டாள்.

எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை மூன்று வருஷமாகக் காடு மாதிரி வளர்கிறது. ஆர்க்கிட் மண்ணுக்கும் இதற்கும் சம்பந்தம் இருப்பதாகச் சொல்ல எந்த ஆதாரமும் இல்லை என்கிறார் பேராசிரியர். சொல்லிவிட்டு, வாரா வாரம் ஒரு கொத்து வாங்கிக்கொண்டு போகிறார்!